ட்ரிப் (சொட்டுநீர்ப் பாசனம்) போட்டா தண்ணி நெசமாவே மிச்சமாகுதா?

கேரளான்னாலே மழை கொட்டும்னு நெனைக்கறவங்க எங்க பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் ஒருக்கா வந்து பாக்கோணும். போர்ல தண்ணி எங்கியோ பாதாளத்துல கெடக்குது, வாய்க்கால்ல வரோணும்னா ஆழியாறு தண்ணிய தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து தொறந்து விடோணும், 1970ல போட்ட பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) ஒப்பந்தப்படி வருசத்துக்கு 7.25 டிஎம்சி. அதனால தோப்புக்காரங்க யாரு பேசுனாலும் கடைசில ட்ரிப்பா, இல்ல மரத்தச் சுத்திப் பாத்தி கட்டி வாய்க்கால்ல தண்ணி விடற வட்டப்பாத்தியாங்கற சண்டைலதான் வந்து நிக்கும்.

புத்தகக் கணக்கு சிம்பிள். 100 லிட்டர் விட்டா வேருக்குப் போய்ச் சேர்றது வாய்க்காப் பாசனத்துல 60, தண்ணிய மழையாட்டம் தெளிக்கற ஸ்பிரிங்ளர்ல 75, ட்ரிப்ல 90, இது ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு (எஃப்ஏஓ) சொல்ற பொதுக்கணக்கு. ஆனா அந்த 75 எங்கூர்ல கெடைக்காதுங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற அடிக்கு நம்ம தக்காளிக்கு விட்ட தண்ணி பக்கத்துக் காட்டு வரப்புல போய் விழும்.

ட்ரிப்லயும் மண்ணப் பாக்கோணும். கரிசல்ல சொட்டு பக்கவாட்டுல பரவும், செம்மண்ணுல நேரா கீழ எறங்கிரும். செம்மண் தோப்புல மரத்துக்கு ரெண்டே ட்ரிப்பர மாட்டிட்டு காய் சிறுத்துப்போச்சுன்னு பொலம்புனா என்ன பண்றது, மரத்துல இருந்து மூணடி தள்ளி சுத்திலும் நாலு சொட்டாவது விழோணும். உப்புத்தண்ணி போர்னா அடைப்பு வேற, பில்டர் கழுவோணும், ஆசிட் விடோணும்.

எனக்கு இடிக்கறது வேற எடத்துல. வாய்க்காப் பாசனத்துல வீணாப் போறதா சொல்ற அந்த 40 எங்க போகுது? ஆவியானது போனதுதான், ஆனா பெரும்பங்கு மண்ணுக்குள்ள எறங்கி கீழ்க்காட்டுக் கெணத்துல ஊறுது. மேல்காட்டுக்காரர் ட்ரிப் போட்டா அந்த ஊத்து கொறையும், சரி, அவர் மிச்சம் புடிச்ச தண்ணிய போர்லயே விட்டு வைக்கறாரான்னு பாத்தா சும்மா கெடந்த காட்ட உழுது காய்கறி வைக்கறாரு! மோட்டார் முன்ன ஓடுன அதே நேரம் ஓடுது. அவர் கணக்குல லாபம்தான், நெலத்தடித் தண்ணிக்கு ஒண்ணுமில்ல.

அதுக்காக ட்ரிப் வேண்டாம்னு சொல்லலீங்க, எங்க தோப்புலயும் அதுதான், களை கம்மி, மடை மாத்த ஆள் தேட வேண்டியதில்ல, உரத்தையும் தண்ணியோடவே விட்டுரலாம். கிருஷி பவன்ல (கேரளா வேளாண்மை ஆபீசு) ட்ரிப்புக்கு மானியம் கேக்கப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க, இப்ப மோட்டார் ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓடுதுன்னு இன்னைக்கே எழுதி வச்சுட்டுப் போங்க, ட்ரிப் போட்ட அடுத்த கோடைல எடுத்து ஒத்துப் பாத்துக்கலாம்.