குவிஸ்லிங்கின் வீடும் ஒஸ்லோ பொலிஸ்காரரும்

நோர்வே மொழி வகுப்பில் படித்த காலத்தில், ஆசிரியை எங்களை 30ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றி ஒஸ்லோவின் பிக்டோய் பகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே மாளிகை போல ஒரு வீடு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நாசி ஜேர்மனியோடு கைகோத்த நோர்வே அரசியல்வாதி விட்குன் குவிஸ்லிங் குடியிருந்தது. இப்போது யூத இனப்படுகொலை பற்றிய ஆய்வு மையமும் கண்காட்சியும் அதில்தான் இருக்கின்றன.

1940 ஏப்ரல் 9 அன்று ஜேர்மன் படை நோர்வேக்குள் நுழைந்தது. அன்று மாலையே வானொலியில், இனி ஆட்சி என்னுடையது என்று அறிவித்தவர் குவிஸ்லிங். அவரது கட்சி ஒரு நாடாளுமன்ற ஆசனம்கூட வென்றதில்லை. போர் முடிந்ததும் வழக்கு நடந்தது. 1945 அக்டோபரில் ஆகெர்ஷூஸ் கோட்டையில் சுட்டுக்கொன்றார்கள். இவ்வளவும் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது.

என்னை உலுக்கியது வேறு. 1942 நவம்பர் 26 அதிகாலை ஒஸ்லோவில் யூதர்களின் கதவைத் தட்டியவர்கள் நோர்வே பொலிஸ்காரர்கள். கையில் பெயர்ப்பட்டியல், வாசலில் டாக்சி. பெண்கள், குழந்தைகள், நடக்கமாட்டாத முதியவர்கள் எல்லாரையும் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். 500க்கும் மேற்பட்டவர்களோடு 'டொனாவ்' கப்பல் புறப்பட்டது. முடிவில் நாசிகளின் கொலைமுகாமான அவுஷ்விட்ஸ். உயிரோடு திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

இந்தக் கைதுகளை ஒழுங்குசெய்த பொலிஸ் அதிகாரி க்னூட் ரோ. அவர்மீதும் வழக்குப் போட்டார்கள். ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான நோர்வே எதிர்ப்பியக்கத்துக்கு இரகசியமாக உதவியவர் என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது. 1948இல் விடுதலையாகி, திரும்பவும் பொலிஸ் வேலைக்கே போனார்.

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் துரோகி என்று அட்டை மாட்டி, மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். விசாரணை கிடையாது, ஏன் என்று வீட்டுக்காரர் வாய் திறக்கவும் முடியாது. அதனால் குவிஸ்லிங்குக்குக்கூட வக்கீல் வைத்து வழக்கு நடத்திய நாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ரோவின் தீர்ப்பை மனம் ஏற்கவில்லை. மறைவாக யாருக்கு எவ்வளவு உதவியிருந்தால்தான் என்ன, அந்த டாக்சிகளில் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு அது எப்படி ஈடாகும்?

அரசு மன்னிப்புக் கேட்க 2012 ஜனவரி வரை ஆனது. கப்பல் புறப்பட்ட அதே துறைமுகத்தில் நின்று, கைது செய்தவர்கள் நோர்வேஜியர்களே என்று பிரதமர் ஸ்டொல்டென்பர்க் சொன்னார். பக்கத்தில் இருக்கைப் பலகை இல்லாத இரும்பு நாற்காலிகளை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். குவிஸ்லிங்கோடு நிறுத்தாமல் ரோவைப் பற்றியும் சொல்லுங்கள்.