தேக்கா வீட்டுக் கையேடும் இல்லாத சான்றிதழும்

சிங்கப்பூர் தேக்காவில், கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீடு உங்களுக்குத் தெரியும். 1900-இல் கட்டியது, கதவுக்கு ஒரு நிறம், பலகைக்கு ஒரு நிறம் என்று இப்போது ஜொலிக்கிறது. அதைக் கணினியில் லெகோ பொம்மைக் கட்டைகளால் பிரிக் பிரிக்காக அடுக்கி, கட்டும் முறையைச் சொல்லும் கையேடாக அச்சிட்டுத் தீபாவளிச் சந்தையில் விற்பது என் இரண்டு வருட ஆசை. கடைசியில் விற்றேன். ஆனால் முதலில் அச்சடித்த 150 பிரதிகளும் பழைய பேப்பருக்குப் போய்விட்டன. 480 வெள்ளி நஷ்டம். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தொழில் பதிவு பெரிய விஷயமே இல்லை. சிங்பாஸ் என்ற அரசாங்க உள்நுழைவு வழியாக, தொழில் பதிவுத் தளமான பிஸ்ஃபைலுக்குள் போய், பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி கட்டினேன், முடிந்தது. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே விற்பதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

சிக்கல் கடை விண்ணப்பத்தில் தொடங்கியது. சந்தை நடத்துபவர்களின் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டு மாதிரிப் பிரதியோடு போனேன். அங்கிருந்தவர் அட்டையைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். தலைப்பில் 'லெகோ தேக்கா வீடு' என்று போட்டிருந்தேன். உள்ளே ஒவ்வொரு பிரிக்கின் மேலே இருக்கும் குமிழிலும் அந்த நிறுவனத்தின் முத்திரை எழுத்து தெரிந்தது. நான் பயன்படுத்திய மென்பொருளில் அது தானாக வரும்படி இருந்திருக்கிறது. அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்தால் குமிழ் வெறுமையாகிவிடும். நான் பார்க்கவில்லை.

“பேடன்ட் எல்லாம் எப்போதோ காலாவதி, யார் வேண்டுமானாலும் செய்யலாம்” என்று தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னதை நம்பியிருந்தேன். பேடன்ட் என்றால் கண்டுபிடிப்புக்கான காப்புரிமை. அவர் சொன்னது பாதி உண்மைதான். 1958-இல் டென்மார்க்கில் பதிந்த அந்த பிரிக் பேடன்ட் காலாவதியானதால்தான் மற்ற நிறுவனங்களின் பிரிக்குகளும் இன்று கடையில் கிடைக்கின்றன. ஆனால் பெயரும் முத்திரையும் வணிகச் சின்னங்கள். சிங்கப்பூரில் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், அவற்றுக்கு முடிவே கிடையாது. லெகோ நிறுவனம் வெளியிட்டிருக்கும் விதிமுறையும் பெயரைத் தலைப்பில் வைக்காதே, முத்திரையைப் போடாதே, எங்கள் ஆதரவு இருப்பதுபோல் காட்டாதே என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த விஷயத்தில் அவர் மறுத்தது நியாயம்.

அடுத்து அவர் கேட்டதுதான் நியாயமில்லை. “கோப்பிரைட் சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்கம்மா. அது இல்லாமல் கடை தர முடியாது.” சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவே கிடையாது. படைப்பு உருவானதுமே உரிமை வந்துவிடுகிறது. 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் அப்படித்தான். பதிவே இல்லாத ஒன்றுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? சொல்லிப் பார்த்தேன். “எல்லாரும் கொடுக்கிறாங்க” என்றார். இன்னொரு நாள் லீவு போட்டுப் போனபோதும் அதே பதில்தான்.

இதற்கிடையே வீட்டில் உட்கார்ந்து உரிமங்களைப் படித்தபோது இன்னொரு குண்டு. நான் பாகங்களை எடுத்த இலவச முப்பரிமாண நூலகம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒரு மூலையில் எழுதி வைத்திருந்தது. விலையில்லாமல் எடுக்கலாம், விற்கக் கூடாது. 1,146 பாகங்களையும் முதலிலிருந்து மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த முறை எல்டிரா என்ற, கணினியில் அடுக்கும் பிரிக் பாகங்களின் நூலகத்துக்குப் போனேன். ஜேம்ஸ் ஜெஸ்மன் 1995-இல் தொடங்கி வைத்து, அவர் மறைந்த பிறகு ஆர்வலர்கள் வளர்த்து வருவது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், பெயர் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பாகத்தின் கோப்பையும் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே சில வரிகளுக்குள் லைசன்ஸ் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதை நம்புங்கள், பதிவிறக்கும் பக்கத்தில் போட்டிருக்கும் 'ஃப்ரீ' என்ற சொல்லை நம்பாதீர்கள். சன்னல் பலகைக்காக வேறொருவர் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு பாகத்தில் 'பகிரக் கூடாது' என்று இருந்தது. அதைத் தூக்கிவிட்டு ஒன்றுக்கு இரண்டு அளவு கிரில் டைலை, அதாவது கோடு கோடாக இருக்கும் தட்டைப் பாகத்தை, நிறுத்தி வைத்தேன். உண்மையைச் சொன்னால் பழைய வீட்டுச் சன்னலுக்கு அதுதான் இன்னும் பொருத்தம்.

பக்கத்துச் சுவரில் ஒரு சுவரோவியத்தையும் சேர்த்திருந்தேன். வீடு நூற்றாண்டுப் பழையது, அதில் பிரச்சினை இல்லை. ஓவியம் அண்மையில் வரைந்தது, உரிமை ஓவியருடையது. பொது இடத்துச் சிலைக்குச் சட்டம் தரும் விலக்கு ஓவியத்துக்குக் கிடையாது. அதனால் சுவரை வெறும் மஞ்சளாக விட்டேன்.

சான்றிதழுக்குப் பதிலாக மூன்று தாள் தயார் செய்தேன். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை என்று சொல்லும் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையப் பக்கம், பாகவாரியாக உரிமப் பட்டியல், வடிவமைப்பு என்னுடையது என்று கையெழுத்திட்ட கடிதம். மூன்றாம் முறை கவுன்டரில் வேறொரு அக்கா இருந்தார். படித்தார், மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டார், பத்து நிமிடத்தில் கடை எண் வந்தது. எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது கண் கலங்கிவிட்டது.

புதிய தலைப்பு 'தேக்கா வண்ண வீடு'. கடைசிப் பக்கத்தில் எல்டிராவின் பெயர், உரிமத்தின் பெயர், அப்புறம் லெகோ குழுமம் இதை ஆதரிக்கவோ அங்கீகரிக்கவோ இல்லை என்ற வரி. இந்த முறை முதலில் ஐந்து பிரதி மட்டும் அச்சடித்து, கடை உறுதியான பிறகே மீதியைக் கொடுத்தேன்.

சுவரோவியருக்கும் மின்னஞ்சல் போட்டிருந்தேன். போன வாரம் பதில் வந்தது: அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம், பெயர் போட வேண்டும், இரண்டு பிரதி வேண்டும். மஞ்சள் சுவரைத் திரும்பத் திறந்து வைத்திருக்கிறேன்.