ஸ்பேம் போனது எங்கள் சர்வரிலிருந்துதான்

திங்கட்கிழமை காலை. அலுவலக மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எனக்குக் கணக்குப் பிரிவிலிருந்து போன். "சார், நான் அனுப்பாத மெயிலெல்லாம் 'டெலிவரி ஆகலை'ன்னு எனக்குத் திரும்பி வருது. இன்பாக்ஸ் முழுக்க இதுதான்."

யாரோ உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு எங்கிருந்தோ அனுப்புகிறார்கள், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படி நடப்பதும் உண்டு. மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி உருவான காலத்தில் அனுப்புநர் முகவரி உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் இன்னொரு போன்: மெயில் எதுவுமே வெளியே போகவில்லை. அப்போதுதான், வெளியே போகக் காத்திருக்கும் மெயில்களின் வரிசையான க்யூவைப் பார்த்தேன். வழக்கமாக முப்பது நாற்பது மெயில் நிற்கும் இடத்தில் 41,000 நின்றன.

முதலில் செய்தது முட்டாள்தனம்: மெயிலை அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்தேன். க்யூ இருப்பது டிஸ்கில். சேவை எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி அனுப்ப ஆரம்பித்தது. நாம் தொடாமல் விட்டால், போகாத மெயிலை ஐந்து நாள் வரை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதன் இயல்பே அது.

அப்புறம் நிதானமாக, சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தேன். யாருடைய கணக்கில் லாகின் செய்து ஒரு மெயில் கொடுக்கப்பட்டது என்பது எஸ்ஏஎஸ்எல் யூசர்நேம் என்று அதிலேயே பதிவாகும். வரிக்கு வரி ஒரே பெயர், காலையில் போன் செய்தவரின் பெயர். எங்கிருந்து லாகின் செய்தார்கள் என்று காட்டும் ஐபி முகவரி மட்டும் ஒவ்வொன்றும் வேறு. "மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது" என்று வெள்ளிக்கிழமை வந்த ஒரு போலி இணைப்பில் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தப் பக்கம் எங்கள் வெப்மெயிலை அச்சு அசலாக உரித்து வைத்திருந்தது.

பாஸ்வேர்டை மாற்றியும் புது மெயில் உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஏற்கெனவே லாகின் ஆகித் திறந்திருக்கும் இணைப்புகளுக்குப் புது பாஸ்வேர்ட் ஒரு பொருட்டே இல்லை. லாகினைச் சரிபார்க்கும் டவ்காட் மென்பொருளும் ஏற்கெனவே சரிபார்த்த பழைய பாஸ்வேர்டைக் கொஞ்ச நேரம் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்திருந்தது. கேஷைத் துடைத்து, இணைப்புகளை அறுத்த பிறகுதான் நின்றது.

அடுத்து க்யூவைக் காலி செய்யும் வேலை. மொத்தமாக அழிக்க ஒரே கட்டளை போதும். ஆனால் அந்த 41,000-க்குள் நிஜ மெயிலும் இருக்கிறதே. எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டு, அதாவது அனுப்பாமல் நிறுத்திவைத்து, அவருடைய முகவரியிலிருந்து கிளம்பியதை மட்டும் அழித்தேன். சுமார் 6,000 போனது, மீதி அப்படியே நின்றது. ஸ்பேம்காரர்கள் பாதியிலேயே அனுப்புநர் முகவரியை மாற்றி, வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் போட்டிருந்தார்கள். ஒருவர் தன் கணக்கில் லாகின் செய்து வேறு யார் பெயரில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று சர்வரை அமைத்து வைத்தவன் நானேதான்! கடைசியில் லாகில் அவருடைய யூசர்நேமோடு இருந்த க்யூ ஐடிகளை (ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தரும் அடையாளக் குறி) தனியே உருவி எடுத்து, அந்தப் பட்டியலைக் கொடுத்துத்தான் அழித்தேன். மிஞ்சியது 112. அத்தனையும் நிஜ மெயில்.

இதற்குள் எங்கள் சர்வரின் ஐபி, ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் பட்டியலான பிளாக்லிஸ்டில் ஏறிவிட்டது. பார்ப்பது எளிது. உதாரணமாக 192.0.2.10 என்ற ஐபியைத் திருப்பிப் போட்டு 10.2.0.192 என்றாக்கி, பட்டியலின் டொமைனைப் பின்னால் ஒட்டி, டொமைன் விவரங்களைத் தரும் டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் நாம் பட்டியலில் இருக்கிறோம். எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கும் முன் ஓட்டையை அடைப்பது முக்கியம். அடைக்காமல் கேட்டால் மறுநாளே மறுபடி ஏற்றிவிடுவார்கள். அதனால் லாகின் கணக்குக்கும் அனுப்புநர் முகவரிக்கும் பொருத்தம் பார்க்கும் விதியை முதலில் போட்டேன். ஒரு கணக்குக்கு மணிக்கு 200 மெயில் என்று வரம்பும் வைத்தேன். ஐபிக்கு வரம்பு வைத்திருந்தால் இந்தத் தாக்குதலில் எடுபட்டிருக்காது, மெயில் வந்ததே நூற்றுக்கணக்கான ஐபிகளிலிருந்து.

பட்டியலிலிருந்து இரண்டு நாளில் எடுத்தார்கள். ஆனால் பெரிய மெயில் சேவை ஒன்று எங்கள் மெயிலுக்கு 421 என்ற பதில் எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. 4-இல் தொடங்கினால் "அப்புறம் வா", 5-இல் தொடங்கினால் "வராதே". ஒரு வாரமாக அப்புறம் வா, அப்புறம் வா. பொறுமை இழந்து, வெளியே போகும் மெயிலை இன்னொரு சர்வர் வழியாகத் திருப்பிவிட்டேன். எங்கள் பெயரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் அந்த சர்வரின் ஐபியைச் சேர்க்க மறந்தேன், ரெக்கார்டின் கடைசியில் "மற்ற யாரையும் ஏற்காதே" என்று சொல்லும் மைனஸ் ஆல் வேறு. அதுவரை 421 சொன்னவர்கள் 550 சொல்ல ஆரம்பித்தார்கள். ரெக்கார்டைத் திருத்தினாலும் டிடிஎல், அதாவது மற்றவர்கள் அதைக் கேஷில் வைத்திருக்கக்கூடிய நேரம், 86400 வினாடி. பழைய ரெக்கார்டைக் கேஷில் வைத்திருந்தவர்களுக்கு அது காலாவதியாகும்வரை ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் எதையும் மாற்றுவதற்கு முந்தின நாளே டிடிஎல்லை 300-க்கு இறக்கிவிடுகிறேன்.

இந்தக் களேபரத்தின் நடுவே ஒரு கூட்டாளி நிறுவனத்திலிருந்து புகார்: "மூன்று மாதமாக உங்கள் மெயில் மட்டும் எங்களுக்கு வருவதே இல்லை." ஸ்பேம் நடந்தது போன வாரம், இதென்ன மூன்று மாதக் கதை? அவர்களுக்கான மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பினேன். லாகில் ஸ்டேட்டஸ் சென்ட், அதாவது அனுப்பியாயிற்று. இன்னொன்றும் அனுப்பினேன். அதுவும் சென்ட். "எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள்" என்று கொஞ்சம் விறைப்பாகவே போனில் சொல்லிவிட்டேன்.

இரவு அதே லாக் வரியை மறுபடி பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சென்ட் என்பதற்குச் சற்று முன்னால் ரிலே என்று ஒரு இடம் இருக்கும். வெளியே போன மெயில் என்றால் அங்கே எதிர்ப்பக்க சர்வரின் பெயரும் 25 என்ற போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். இருந்தது "விர்ச்சுவல்" என்ற ஒற்றைச் சொல், அதாவது மெயில் எங்கள் சர்வரிலேயே ஒரு மெயில்பாக்ஸில் விழுந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் மெயில் முன்பு எங்கள் சர்வரில்தான் இருந்தது. மூன்று மாதம் முன்பு வேறு இடத்துக்கு மாறினார்கள். எம்எக்ஸை அவர்கள் மாற்றினார்கள், எங்கள் சர்வரில் மெயில் வைத்திருக்கும் டொமைன்களின் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை நான் எடுக்கவில்லை. தன் பட்டியலில் இருக்கும் டொமைனுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் எம்எக்ஸைக் கேட்பதே இல்லை, நேராக உள்ளேயே போட்டுவிடும். பழைய மெயில்பாக்ஸ்களும் அழியாமல் கிடந்ததால் எதுவும் பவுன்ஸ் ஆகவில்லை, அதாவது அனுப்பியவருக்கே திரும்பி வரவில்லை, யாருக்கும் தெரியவில்லை.

பட்டியலில் அந்த ஒரு வரியை நீக்கியதும் சரியாகிவிட்டது. மெயில்பாக்ஸ்களில் தேங்கியிருந்த 214 மெயிலையும் எடுத்துக்கொடுக்க மறுநாள் அவர்களுக்குப் போன் செய்தேன். அந்த 214-இல் கடைசி இரண்டு, நான் அனுப்பிய டெஸ்ட் மெயில்கள்.