காலில் என்ன இருக்கிறது?

இத்தாலியில் போலோனியாவுக்கு வந்து மூன்றாவது வாரம். சரக்கைப் பொட்டலம் கட்டும் பேக்கிங் மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. இந்த ஊரைச் சுற்றி அந்த மாதிரி கம்பெனிகள் ஏராளம். அன்றைக்கு ஒரு கன்வேயரில் சென்சார் மக்கர் செய்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர் பம்ப் பட்டறையில் பழகிய கை சும்மா இருக்குமா? கேபிளைத் தடவிக்கொண்டே போய், லூஸாக இருந்த கனெக்டரை அழுத்திவிட்டேன். பெல்ட் ஓட ஆரம்பித்தது. எங்கள் ஃபோர்மேன் முதுகில் ஒரு தட்டு தட்டி, "செய் இன் காம்பா!" என்றார்.

எனக்கு அப்போது தெரிந்த சொற்கள் முந்நூறு இருக்கும். காம்பா என்றால் கால். குனிந்து காலைப் பார்த்தேன். ஷூ லேஸ் சரியாகத்தான் இருந்தது. கிரீஸும் ஒட்டவில்லை. நிமிர்ந்தால் நாலு பேர் சிரிக்கிறார்கள். "நீ காலில் இருக்கிறாய்" என்று வார்த்தைக்கு வார்த்தை வரும் அந்த வாக்கியத்துக்கு "கில்லாடிப்பா நீ" என்று அர்த்தமாம்.

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்ற தெம்பில்தான் விமானம் ஏறினேன். மீட்டிங்கில் இங்கிலீஷ் போதும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமும் போதும். பட்டறைத் தரையிலும் மாடிப்படியிலும்தான் அது செல்லாக்காசு. அதனால் இங்கிலீஷ் வழியாக இத்தாலியன் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை வாங்கினேன். முதல் அடியை அதுதான் வாங்கிக்கொடுத்தது.

கீழ்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, தனியாக இருக்கிறார். ஒருநாள் படியில் பார்த்து, புத்தகத்தில் இருந்தபடியே "கோமே ஸ்தாய்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பேனே, எ லேய்?" என்றார். நன்றாக இருக்கிறேன், நீங்கள்? அந்த "லேய்" என்ற சொல்லில்தான் லேசாக ஒரு அழுத்தம். வீட்டுக்குள் போன பிறகுதான் உறைத்தது: பாட்டி வயதில் இருப்பவரை "எப்படி இருக்கே?" என்று கேட்டிருக்கிறேன். இங்கிலீஷில் இருப்பது ஒரே "யூ"தானே. தமிழில் யோசித்திருந்தால் என் வாயில் அது வந்திருக்கவே வந்திருக்காது. நீ, நீங்கள் என்று நாம் பிரிப்பதுபோல அவர்கள் தூ, லேய் என்று பிரிக்கிறார்கள். இருபது வருஷமாகப் படித்த இங்கிலீஷ் நடுவில் உட்கார்ந்துகொண்டு வழியை மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். வாரம் இரண்டு மாலை, பெரியவர்களுக்கான அரசுப் பள்ளியில் இத்தாலியன் வகுப்பு. நீண்டகாலக் குடியிருப்பு அனுமதிக்கு மொழித் தேர்ச்சியில் ஏ2 என்ற அடிப்படை நிலை வேண்டும். குடியுரிமைக்கு 2018 முதல் அதற்கு அடுத்த படியான பி1. அந்தப் பரீட்சைகளில் யாரும் பழமொழி கேட்பதில்லை. நான்தான் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தேன், பக்கத்தில் தமிழில் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டு. ஊதாரிக்கு "மானி புக்காத்தே", ஓட்டை விழுந்த கைகள். நம் ஓட்டைக் கையேதான், ஓட்டை இருக்கும் இடம்கூட மாறவில்லை. ஜெர்மனியிலிருந்து நண்பன் ஒருவன் வந்து ஒரு வாரம் தங்கினான். அதைப் பார்த்த சிஞ்ஞோரா, விருந்தாளி மீன் மாதிரி, மூன்று நாளில் நாறும் என்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று என் அப்பத்தா சொல்லும். இங்கேயும் அதே மூன்று நாள்! சம்பந்தமே இல்லாத ஒன்றைப் பேச்சில் நுழைத்தால், "சாயங்காலச் சிற்றுண்டிக்கு முட்டைக்கோஸ் மாதிரி" என்பார்கள். நான் எழுதிக்கொண்டது: மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. "வாயில் தண்ணீர்" என்றால் ரகசியம், மூச்சு விடாதே. வாயில் கொழுக்கட்டையா என்று திட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு இதற்கு அகராதி எதற்கு?

தமிழும் காலை வாரியது. ஒரு அரசு அலுவலக வரிசையில் காலை ஏழரைக்கு நின்று, மதியம் ஒரு மணிக்கு "அந்தத் தாள் இல்லை" என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று சிஞ்ஞோராவிடம் புலம்பினேன். அவர் தோளைக் குலுக்கி, "துத்தோ இல் மொந்தோ எ பாயேஸே" என்றார். பாயேஸே என்றால் ஊர், கிராமம், நாடு எல்லாம்தான். உலகம் முழுவதும் ஊர்! எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. யாதும் ஊரே என்று எங்கள் கவிஞன் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டான் என்று எனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியனில் ஒரு சொற்பொழிவு நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அழகாக இருக்கிறது. ஆனால் நான் சொன்னது, கூட்டமும் சோம்பேறித்தனமும் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று" என்றார். கணியன் பூங்குன்றனாரை அடித்துவிட்டு நோட்டில் திருத்தி எழுதினேன்: வீட்டுக்கு வீடு வாசப்படி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மெஷினை வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டிய நாள். காலையில் ஃபோர்மேன் என்னிடம், "இன் போக்கா அல் லூப்போ" என்றார். ஓநாயின் வாயில் போ என்பதுபோல! வாழ்த்துத்தான் என்று தெரியும். அதனால் பணிவாக "கிராட்ஸியே" என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது. நன்றி சொல்லக் கூடாதாம், அபசகுனமாம். "க்ரேப்பி" என்று சொல்ல வேண்டும்: ஓநாய் செத்தொழியட்டும். சொல்லவைத்த பிறகுதான் நகரவிட்டார். பக்கத்தில் நின்ற இளம் பெண் இஞ்சினியர், பாவம் ஓநாய், "வாழ்க ஓநாய்" என்று சொல் என்றாள். இப்போது நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த நாளில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஓநாய் பற்றி ஐந்து நிமிடம் வாக்குவாதம், நான் நடுவில். கிளம்பும்போது ஃபோர்மேன் ஓரமாகப் போய் ஒரு இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டார். அபசகுனம் விலக இங்கே இங்கிலீஷ்காரர்கள் மாதிரி மரத்தைத் தொடுவதில்லை, இரும்புதான். பூசணிக்காய் சுற்றி உடைக்காமல் லேத்தைக்கூட ஓட விடாத ஊரிலிருந்து வந்தவன் நான், சிரிக்க எனக்கு யோக்கியதை ஏது?

மெஷின் அன்றைக்கு நன்றாக ஓடியது. அடுத்த வாரம்தான் மோட்டார் புகைந்தது, மாற்று மோட்டாரும் தப்பான அளவில் வந்து சேர்ந்தது. "பியோவே சுல் பன்யாத்தோ" என்றார் ஃபோர்மேன். ஏற்கெனவே நனைந்த இடத்திலேயே மழை. எங்கள் ஊரில் இதற்குக் குதிரை உண்டு என்றேன். கீழே தள்ளியது மட்டுமில்லை, குழியும் பறித்தது. நான் குழிக்குப் போட்ட சொல் "ஃபோஸ்ஸா". அவர்களுக்குச் சவக்குழியும் அதுதான் என்பதால் எங்கள் குதிரை நான் நினைத்ததைவிடக் கொடூரமாகிவிட்டது. பட்டறையே சிரித்தது. திருத்தப் போகவில்லை.

இப்போது எந்த மெஷினாவது இரண்டாவது முறை நின்றால், கடைசி வரிசையிலிருந்து ஃபோர்மேன் கத்துகிறார்: "எக்கோ இல் கவால்லோ!" இதோ வந்துவிட்டது குதிரை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என்னிடம் வந்து, அது எந்தப் பக்கத்து இத்தாலியப் பழமொழி என்று கேட்டான்.