உறைக்குள் போகாத முஸ்ஹஃப்

எட்டு மூலை கொண்ட புத்தகம். குறுக்களவு 4.5 சென்டிமீட்டர், தடிமன் 1.8. அதற்கென்றே செய்த வெள்ளி உறை ஒன்றும் கூடவே வந்தது. உறையின் தலையில் இரண்டு வளையங்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஈரானில் எழுதப்பட்ட முஸ்ஹஃப், அதாவது குர்ஆன் பிரதி என்று கோப்பில் குறிப்பு இருந்தது. 340 தாள்களில் 114 அத்தியாயங்களும் ஒன்று குறையாமல் இருந்தன.

வளைகுடா நகரம் ஒன்றில், பழைய சுவடிகளைச் செப்பனிடும் கூடத்தில் வேலை செய்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய குர்ஆன் பிரதிகளிலும் வேலை பார்த்தவன் என்பதால், இந்தச் சிறியது ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணினேன். நான்கு மாதம் ஆயிற்று.

உருப்பெருக்கியின் கீழ் வைத்த முதல் பக்கம் இன்றும் கண்ணில் நிற்கிறது. தங்கக் கோட்டால் வரைந்த வட்டம், அதன் விட்டம் 3 சென்டிமீட்டர். உள்ளே 15 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது 2 மில்லிமீட்டர்தான். அந்த இடத்துக்குள் அலிஃப் என்ற அரபு எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, நூன் என்ற எழுத்து கிண்ணம்போல் வளைகிறது, புள்ளிகளும் உயிர்க்குறிகளும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. வசனம் முடியும் இடமெல்லாம் கடுகைவிடச் சிறிய தங்கப் பொட்டு. ஒரு பொட்டுகூட வட்டம் சிதையவில்லை. நாணல் பேனாவின் முனையை எவ்வளவு நுணுக்கிச் சீவியிருந்தால் இப்படி மை இறங்கும் என்று அன்று வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த எழுத்துக்கு குபார் என்று பெயர். அரபியில் அந்தச் சொல்லுக்குத் தூசி என்று பொருள். புறாவின் மேல் கட்டி அனுப்பும் கடிதங்களுக்குப் பயன்பட்ட எழுத்து அது. பறவை சுமக்க வேண்டும் என்பதால் தாளும் சிறிது, எழுத்தும் சிறிது. பின்னாளில் அதே கை இறைவசனத்தை எழுதப் பழகியது.

ஆனால் இதை யார் படித்திருப்பார்கள்? முதல் மாதம் முழுக்க இந்தக் கேள்விதான். மத்திய ஆசிய மன்னர் தைமூரிடம் உமர் அக்தா என்ற எழுத்தர் சென்ற கதையைப் பாரசீக நூலாசிரியர் காழி அஹ்மத் எழுதி வைத்திருக்கிறார். வலக்கை இல்லாத அந்த எழுத்தர், முத்திரை மோதிரத்தின் குழிக்குள் அடங்கும் அளவில் குர்ஆன் முழுவதையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். தைமூருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்தர் திரும்பிப் போய், வண்டியில் ஏற்ற வேண்டிய அளவுக்குப் பெரிதாக ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். அரசர் வாசலுக்கே வந்து வரவேற்றார். இறைவேதத்தைப் பெரிதாக எழுதுவதுதான் மரியாதை என்று கருதிய மார்க்க அறிஞர்கள் முற்காலத்திலேயே இருந்தார்கள். அப்படியிருந்தும் சிறியவை நிற்கவில்லை. உஸ்மானியப் படைகள் எண்கோணப் பிரதிகளை உலோக உறையில் இட்டுப் போர்க்கொடியின் கம்பத்தில் கட்டிச் சென்றன. கொடியைக் குறிக்கும் சஞ்சக் என்ற துருக்கிச் சொல்லே அந்தப் பிரதிகளுக்கும் பெயராயிற்று. கம்பத்தின் உச்சியில் இருப்பதை யாரும் விரித்துப் படிக்க முடியாது.

பதில் நூலகத்தில் கிடைக்கவில்லை. நான் செய்த தவறு ஒன்றின் வழியாகத்தான் கிடைத்தது.

புத்தகத்தின் முதுகில் மடிப்புகள் பல இடங்களில் கிழிந்திருந்தன. வழக்கம்போல், சதுர மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள ஜப்பானியத் தாளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டிக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் எட்டெட்டுத் தாளாக மடித்துத் தைத்த 42 கட்டுகளில் 14 முடிந்ததும், கட்டுகளை அடுக்கி உறையில் வைத்துப் பார்த்தேன். போகவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் நான் ஏற்றிய மயிரிழைக் கனம் சேர்ந்து முதுகைப் புடைக்க வைத்துவிட்டது. பெரிய புத்தகத்தில் இது தெரியவே தெரியாது. உறைக்குள் போகாத இந்த முஸ்ஹஃபோ மார்பில் தொங்க முடியாது, இடுப்பில் கட்ட முடியாது. எழுத்துகளைக் காப்பாற்றிவிட்டு, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைக் கெடுத்திருந்தேன்.

ஒட்டியதையெல்லாம் பிரித்தேன். விளக்குப் புகைக் கரியும் பிசினும் கலந்த மை தண்ணீர் பட்டால் கரையும். எனவே ஈரமான ஒற்றுத்தாளைத் துரும்பளவு வெட்டி மடிப்பின்மேல் வைத்து, பசை இளகும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மடிப்புக்கு அரை நாள். பிறகு 2 கிராம் தாளில், எதனாலால் இளகும் செல்லுலோஸ் பசையை முன்னதாகவே தடவி உலர்த்தி, கிழிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டினேன்.

கையுறையோடு இந்த வேலை முடியாது, விரலுக்குத் தாள் தெரிய வேண்டும். நான் முஸ்லிம் அல்ல. தூய்மையானவர்களைத் தவிர வேறு யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்ற வசனம் இதே புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் கூடத்தில் பொருள்களைக் கட்டி அனுப்பும் பொறுப்பில் இருக்கும் கீழக்கரைக்காரரிடம் தயங்கிக் கேட்டேன்.

"பாய், நான் இதைத் தொடுவதில் உங்களுக்கு வருத்தம் உண்டா?"

"தம்பி, கெட்டுப்போகாமல் காக்கத்தானே தொடுகிறீர்கள். கையைக் கழுவிக்கொண்டு, மனசை அதில் வைத்துச் செய்யுங்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "எங்கள் வாப்பா கப்பலில் போனவர். தகர டப்பியில் இந்த மாதிரி ஒன்று கழுத்தில் கிடக்கும். மூடியில் கண்ணாடி இருக்கும். அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஓதுவதற்கு வீட்டில் பெரிய முஸ்ஹஃப் இருந்தது."

"பிறகு அது எதற்கு, பாய்?"

"கடலில் தனியாக இருக்கக் கூடாது என்றுதான்."

அவர் சொன்னது கிளாஸ்கோவில் டேவிட் பிரைஸ் 1900 வாக்கில் ஒளிப்பட முறையில் சுருக்கி அச்சிட்ட பிரதியாக இருக்க வேண்டும். 2 சென்டிமீட்டர்கூட அகலம் இல்லாதது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் முஸ்லிம் சிப்பாய்கள் அதைக் கொண்டு சென்றார்கள். அரபு வீரர் ஔதா அபூ தாயீ 120 பவுண்டு கொடுத்து இதே அச்சுப் பிரதியை வாங்கிக் காப்பாக வைத்திருந்தார் என்றும், அதன் விலை 18 பென்ஸ்தான் என்றும் பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸ் எழுதினார். அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்த கதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை வாங்கிய பிறகு ஔதாவுக்குக் காயமே பட்டதில்லை என்பதையும் அதே லாரன்ஸ்தான் எழுதியிருக்கிறார். ஔதா அதன்மேல் வைத்திருந்த பிடிப்பை அச்சகத்தின் விலைச்சீட்டால் அளக்க முடியாது. கையெழுத்தோ அச்சோ, முழு வேதமும் ஓர் எழுத்துக் குறையாமல் உடம்போடு ஒட்டி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். என் கைக்கு வந்த பிரதியின் ஈரானிய எழுத்தரும் கண் தேய இதைத்தான் எழுதியிருக்கிறார்: யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.

அதன் பிறகு என் முடிவுகளும் மாறின. யாசீன் அத்தியாயத்தின் தொடக்கப் பக்கத்தில், கீழ் ஓரத்தில் மட்டும் பழுப்புக் கறை இருந்தது. கட்டை விரலின் நெய்ப்பு. மற்ற பக்கங்களில் அது இல்லை. யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்கடி திறந்திருக்கிறார், நோயாளியின் தலைமாட்டிலோ, அடக்கத்துக்குப் பிறகோ. சுத்தம் செய்ய வேண்டியவை என்ற பட்டியலில் நானே எழுதியிருந்த அந்தக் கறையை அடித்துவிட்டேன். உறையின் வெள்ளியையும் பளபளவென்று தேய்க்கவில்லை. ஒரு மூலையில் கொடிப்பூ வேலைப்பாடு விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

கடைசிக் கட்டையும் தைத்து, பழைய தோல் அட்டையைப் பொருத்தி உறையில் இறக்கினேன். இரண்டு பக்கமும் இழுபடாமல் உள்ளே அமர்ந்தது, கொக்கி விழுந்தது. கட்டி அனுப்ப பாயை அழைத்தேன். கை நீட்டியவர் நிறுத்திக்கொண்டு, "இருங்கள் தம்பி" என்று வெளியே போனார். முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டு, முழங்கை ஈரம் துடைத்தபடி திரும்பி வந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டார்.