இருவருக்கும் சேர்த்து ஒரே டயட் தாள்

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் டயட், தொடங்கலாம் என்று நினைக்கும் தம்பதிகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டயட் ஆலோசனைக்குப் போனால் ஆளுக்கொரு தாள் கேட்டு வாங்குங்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே தாள்தான் கிடைத்தது. உயரம் கேட்டார்கள், எடை கேட்டார்கள், ஏற்கெனவே அச்சடித்து அடுக்கியிருந்ததில் ஒன்றை உருவி நீட்டினார்கள். பெயர் எழுதும் கோட்டில் என் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு என் கணவர் பெயர். "வீட்டுல ஒரே சமையல்தானே, இது போதும்" என்றார் அந்த அம்மா. என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒரு கேள்வி இல்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோது அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தாளில் முக்கால்வாசி 'கூடாது' பட்டியல். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பழச்சாறு, எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். கடைசியில் 'காய்கறிகள் தாராளமாக' என்று ஒரே வரி. எந்தக் காய், எப்படிச் சமைப்பது என்று எதுவும் கிடையாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

அரிசியை நிறுத்தியது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எடையும் மளமளவென்று இறங்கியது. இதில் ஏமாந்துவிடாதீர்கள், முதல் வாரம் போவது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே தள்ளும். தலைவலி, அசதி, எரிச்சல் எல்லாம் இதனால்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எரிச்சல் வந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தலைவலியோடு போயிற்று. அவர் விஷயம் வேறு. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை சிறுநீரைக் கூட்டி உப்பை வெளியேற்றும் வகை. உணவும் உப்பை வெளியேற்றுகிறது, மாத்திரையும் வெளியேற்றுகிறது. ஒரு காலை கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க, என்ன ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்ல, லேசா சுத்துது" என்கிறார். உட்கார வைத்து வீட்டிலிருந்த கருவியில் பார்த்தால் மேல் அளவு 100-க்குக் கீழே. வழக்கமாக மாத்திரை தரும் மருத்துவரிடம் ஓடினோம். "சாப்பாட்டை மாத்தப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திரையைக் குறைச்சிருப்பேனே" என்றார். அளவைப் பாதியாக்கினார், சுற்றல் நின்றது. என்னைக் கொஞ்சம் உப்பு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர், என் கணவரிடம் "நீங்களா உப்பைக் கூட்டாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஒரே வீடு, ஒரே சமையல், ஆனால் உப்பு விஷயத்திலேயே ஆளுக்கொரு உத்தரவு.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். இன்சுலினும் சில மாத்திரைகளும் மாவுச்சத்து குறைந்ததும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் கேட்காமல் ஒரு கவளம்கூடக் குறைக்காதீர்கள்.

சரி, காய்கறிக்கு வருகிறேன். என் உண்மையான கோபம் அந்த 'தாராளமாக' என்ற வார்த்தை மேல்தான். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. காலிஃபிளவரில் 5 கிராம், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. கீரை, காளான், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், குடைமிளகாய் எல்லாம் இந்த வரிசைதான். பச்சைப் பட்டாணி 14-ஐத் தொடும், மக்காச்சோளம் 19 வரை போகும். இரண்டும் அந்தத் தாளைப் பொறுத்தவரை காய்கறிதான்! ஒரு நாளைக்கு மாவுச்சத்து 130 கிராமுக்குள் இருந்தால் போதும் என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 50-க்குள் நிற்க நினைப்பவர்களுக்கு ஒரு கிண்ணம் மக்காச்சோளமே பாதிக் கணக்கைத் தின்றுவிடும்.

அளவைவிடப் பெரிய தொல்லை ருசி. ஆரம்பத்தில் எல்லாக் காயும் எங்கள் வீட்டில் வெந்துகொண்டே இருந்தது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகைகளைத் தண்ணீரில் நெடுநேரம் விட்டால் கந்தக வாடை கிளம்பும், நேரம் ஏற ஏற வாடையும் ஏறும். அவர் தட்டைப் பார்த்துவிட்டு "ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான், வெளியே சொல்லவில்லை. அரிசி போனதற்கு அழாதவர்கள் அந்தக் காலிஃபிளவரைப் பார்த்து டயட்டையே விட்டிருப்போம்.

தண்ணீரை விரட்டியதும் எல்லாம் மாறியது. காயின் மேல் ஈரம் இருக்கும் வரை அது 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பு நிறமும் வராது, மணமும் வராது. காலிஃபிளவரைக் கழுவினால் துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு பூவையும் நடுவில் நறுக்கி, தட்டையான பக்கம் தட்டில் படும்படி வைத்து, எண்ணெய் தடவி, 220 டிகிரி ஓவனில் விடுங்கள். ஓவன் இல்லையென்றால் கனமான இரும்பு வாணலி. ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விட்டுப் பரப்ப வேண்டும். நெருக்கி அடைத்தால் தன் ஆவியிலேயே வெந்து பழைய கதையாகிவிடும். மூடி போடக் கூடாது, கிளறவும் கூடாது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகி, நுனிகள் கறுத்து மொறுமொறுவென்று ஆனதும் எடுங்கள். முதல் தடவை அப்படி வந்தபோது அது சாப்பாட்டு மேசைக்கே போகவில்லை. அவர் அடுப்படியில் நின்றபடியே விரல் சுட எடுத்துத் தின்றார், நானும் போட்டிக்கு நின்றேன். இப்போது இரண்டு தட்டு வைக்கிறேன்.

காளானுக்கு நேர் எதிர் வழி. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எண்ணெய் ஊற்றாமல் சூடான வாணலியில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்கும், அது வற்றிய பிறகு எண்ணெய். காலிஃபிளவரைத் துருவி சோறு மாதிரி செய்பவர்கள் துருவியதைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் கஞ்சிதான். கீரையை வெறுமனே வேகவைப்பதைவிடக் கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிடுவது நல்லது, அதிலுள்ள சில சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் சரியாக ஏறும்.

அப்புறம் 'சர்க்கரை சேர்க்காத' பிஸ்கட். ஆசைக்கு ஒரு பெட்டி வாங்கினோம். உள்ளே மால்டிடால், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஒரு இனிப்பு. அது சர்க்கரையைப் போல முழுதாக இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அளவு மீறினால் வயிற்றையும் கலக்கும். கலக்கியது. பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. லேபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கும், ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து ஏற்கெனவே தனியாகப் பிரித்திருப்பார்கள். இரண்டாவதில் போய் மறுபடி கழித்தால் கணக்கு பொய்யாகும்.

எடையை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். பெரிய உடம்புக்காரர் முதலில் வேகமாக இறங்குவார். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு நீர் கோத்து எடை ஏறியே காட்டும். அவர் தராசில் ஏறிச் சிரிப்பதும் நான் ஏறி முறைப்பதுமாகப் போனதால், இப்போது ஒருவர் பார்க்கும்போது மற்றவர் அந்த அறையில் இருப்பதில்லை.

தொடங்கும் முன்பே ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓரிரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறும். எங்களில் அவருக்கு அசையவில்லை, எனக்கு ஏறிவிட்டது. வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெய்க்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த பரிசோதனை பாக்கி இருக்கிறது. அவருக்கோ வெண்ணெயில் வதக்கிய காளான் இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அதனால் எங்கள் அடுப்பில் இப்போது ஆளுக்கொரு வாணலி.