மகாலட்சுமி படத்துக்குப் பின்னால் உருட்டிய டைஸ்

கேம் மாஸ்டருக்கு ஸ்கிரீன் அவசியமா என்று போன வாரம் ஒரு காட்பாடிப் பையன் கேட்டான். புதிதாக நாலு நண்பர்களைச் சேர்த்து ஆட்டம் நடத்தப் போகிறானாம். வேண்டாம் என்று சொன்னேன். நம்பவில்லை. "இவ்ளோ பேர் வாங்குறாங்க, நீங்க மட்டும் வேணாம்னா எப்டிண்ணா?" என்றான். சரி, எழுதியே விடலாம்.

தெரியாதவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆட்டங்களில் ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக உள்ளே இறங்குவார்கள். நடத்துகிறவர் தன் முன்னால் நிறுத்திக்கொள்ளும் மடிப்பு அட்டைதான் ஸ்கிரீன். ஆட்டக்காரர்கள் பக்கம் டிராகன் படம், இவர் பக்கம் விதி அட்டவணைகள், நடுவில் ஒளித்து உருட்டும் டைஸ். ஆட்டம் வந்தது 1974-ல். ஜட்ஜஸ் கில்ட் என்ற கம்பெனி 1977-ல் இப்படி ஒரு அட்டையை விற்க ஆரம்பித்தது, ஆட்டத்தைப் போட்ட டி.எஸ்.ஆர். கம்பெனியே 1979-ல் ஒன்று வெளியிட்டது. அட்டை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான், கூடவே பிறந்ததல்ல.

எங்கள் ஸ்கிரீன் டிராகன் போட்டது இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் (டேபிள்டாப் என்று பெயர்தான், நாங்கள் பாய் விரித்துத் தரையில் உட்காருகிறவர்கள்). நடத்துகிறவன் நான், ஆடுகிறவர்கள் நாலு பேர்: நர்ஸ் அக்கா, மச்சான், ஆம்பூர்க்காரர், எதிர்வீட்டுத் தம்பி. பழைய தினசரி காலண்டர் அட்டைகள் நாலை எடுத்து பின்னால் டேப் போட்டு ஒட்டினேன். தாள் எல்லாம் கிழித்து முடித்த பிறகும் சாமி படத்துக்காகத் தூக்கிப் போடாமல் வைத்திருப்போமே, அதே அட்டைகள். ஆக எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது மகாலட்சுமி, இரண்டு முருகன், ஒரு வேளாங்கண்ணி மாதா. சாமி படத்தைத் தரையில் வைக்கிறாயே என்று அம்மா திட்டியதால் அடியில் ஒரு மணைப்பலகை. படங்களுக்குப் பின்னால் நான், ஒரு எவர்சில்வர் தட்டு, இருபது முக டைஸ்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவார்களே, அதையே கதைக்களமாக வைத்துக்கொண்டேன். ஆற்றில்தான் தண்ணீர் இல்லை, கோட்டை அகழியில் உண்டு, அதில் முதலையும் உண்டு. வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்ததாகச் சொல்வார்கள் இல்லையா, அதைச் சும்மா விட மனசு வரவில்லை.

முதல் நாளே அகழியைக் கடக்கிறார்கள். முதலை, எங்கள் நர்ஸ் அக்காவின் மந்திரவாதிமேல் பாய்கிறது. உருட்டினேன். இருபது. இருபது தடவைக்கு ஒரு தடவை விழுகிற எண், விழுந்தால் சேத டைஸ் இரட்டிப்பு. பத்து முக டைஸ் இரண்டும் 9, 6, அதோடு 2, மொத்தம் 17. மந்திரவாதிக்கு இருந்ததே 8 உயிர்ப்புள்ளி. எட்டும் போய் மீதம் ஒன்பது நிற்கிறது. மீதி முழு உயிரளவைத் தொட்டாலே மயக்கமெல்லாம் கிடையாது, அங்கேயே சாவு என்பது விதி. அக்கா இரவு டியூட்டி முடித்து, மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, பாத்திரத்துக்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து, அம்மா அப்பா யார் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்து நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை.

"இருபதுக்கு ஒன்பதுதான் விழுந்துச்சு. பல்லு அங்கியிலதான் மாட்டுச்சு, நீங்க தப்பிச்சீங்க" என்றேன்.

யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. கதைக்கு வேண்டிய வில்லன் சீக்கிரம் சாகாமல் இருக்க ஒரு பொய், மச்சான் மூஞ்சி வாடினால் ஒரு பொய். ஸ்கிரீன் இருந்ததால் பொய் சொன்னேனா, பொய் சொல்லத்தான் ஸ்கிரீன் வைத்தேனா என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

மூன்று மாசம் கழித்து ஒரு அக்கினி நட்சத்திர ஞாயிறு. சீலிங் ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளுகிறது என்று ஆம்பூர்க்காரர் போய் டேபிள் ஃபேனை எடுத்துவந்து போட்டார். ஒரு சுற்று திரும்புவதற்குள் மகாலட்சுமி என் மடியில் விழுந்தார். எடுத்து நிறுத்தினால் மறுபடி. ஃபேன் வேண்டுமா ஸ்கிரீன் வேண்டுமா என்று வந்தால் மே மாச வேலூரில் யார் என்ன சொல்வார்கள்? அட்டையை மடித்து சுவரில் சாய்த்தேன். அப்போதுதான் எதிர்வீட்டுத் தம்பி, காலேஜ் இரண்டாம் வருஷம், அமைதியான பையன், மெதுவாகச் சொன்னான்: "இனிமே தட்டுச் சத்தம் நின்னப்புறம்தான் நம்பர் சொல்வீங்கல்லண்ணா?"

புரியவில்லை. விளக்கினான். டைஸ் எவர்சில்வர் தட்டில் கணகணவென்று சுற்றி அடங்க ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். முக்கியமான நேரத்தில் எல்லாம் அது அடங்கும் முன்பே நான் எண்ணைச் சொல்லிவிடுகிறேனாம். கண்ணை மறைத்த எனக்குக் காதை மறைக்கத் தோன்றவில்லை. முதல் வாரத்திலிருந்தே அவனுக்குத் தெரியும்.

மச்சான் சிரித்துவிட்டார். "சாமி படத்துக்குப் பின்னாடி உக்காந்துகிட்டா மாப்ள?" என்று ஆரம்பித்து, அன்றிலிருந்து எனக்குச் சகுனி என்று பெயர். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "முதலை அன்னிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கேரக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தனை நாளா நான் ஆடுனது யாரைடா?" என்றார். அந்த மந்திரவாதி அதற்குள் ஒரு ராட்சசனை எரித்திருந்தாள், ஒரு கிராமத்தைக் காப்பாற்றியிருந்தாள். அதெல்லாம் அக்காவுக்குத் தன் சாமர்த்தியமாகத் தெரிந்த வரைக்கும் ருசித்தது. நான் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையோ என்ற சந்தேகம் வந்ததும் எல்லாமே பின்தேதியிட்டு ஊசிப்போயிற்று. காப்பாற்ற வேண்டும் என்று இருந்திருந்தால் உருட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். முதலை ஏற்கெனவே ஒரு ஆட்டை விழுங்கிவிட்டுக் கரையில் கிடக்கிறது என்று சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

தட்டு அன்றைக்கே பாயின் நடுவுக்கு வந்துவிட்டது. அடுத்த மாசம் தம்பியின் போர்வீரன் விழுந்தான். மரணப் போராட்ட டைஸ்: 10-ம் அதற்கு மேலும் வந்தால் வெற்றி, கீழே வந்தால் தோல்வி, எது முதலில் மூன்று சேருகிறதோ அதுதான் முடிவு. 4. 14. 7. 11. ஐந்தாவதை உருட்டத் தம்பிக்குக் கை வரவில்லை, அக்காவிடம் கொடுத்தான். ஐந்து தலையும் தட்டின்மேல் குனிந்திருந்தன, என் தலையும் சேர்த்துத்தான். தட்டில் இரண்டு விழுந்தது. பழைய நாளாக இருந்தால் அந்த நிமிஷம் எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்திருப்பார்கள், ஏதாவது பண்ணுங்களேன் என்கிற மாதிரி. அன்றைக்கு யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சின்ன வயசில் ஆரணிப் பக்கம் ஆயா ஊரில் பாரதக் கூத்து பார்ப்பேன். வேஷக்காரர் சடாரென்று வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள், பின்னால் சலங்கைச் சத்தம், மேலே கிரீடத்தின் நுனி, பாட்டு. கட்டியங்காரன் வெளியே நின்று வந்திருப்பது யார் என்று வம்பிழுத்துக்கொண்டிருப்பான். துணி விலகும்போது துரியோதனனைப் பார்த்து நான் ஆயா முந்தானைக்குள் போய்விடுவேன். விலகப் போகிறது என்பதால்தான் அந்தத் திரைக்கு அவ்வளவு மவுசு. விடிய விடிய விலகவே இல்லை என்றால் கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கும். நம்ம ஸ்கிரீன் அந்த விலகாத திரை. அதோடு கதை நடத்துகிறவனுக்குக் கட்டியங்காரன் இடம்தான் சரி, துணிக்கு வெளியே, ஜனங்களோடு.

அட்டவணைக்கு என்ன செய்வது என்று காட்பாடித் தம்பி கேட்பான். ஒரு காரியம் பலிக்க எட்ட வேண்டிய எண் சுலபம் என்றால் 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20, இது மனப்பாடம் ஆக இரண்டு வாரம் போதும், மிச்சம் ஒரே ஒரு தாளில் அடங்கும். வரைபடம், வில்லன் ரகசியம் எல்லாம் லாங் சைஸ் நோட்டில், மூடி வைத்தால் ரகசியம். அபோகலிப்ஸ் வேர்ல்ட் (2010) மாதிரி ஆட்டங்களில் நடத்துகிறவர் டைஸையே தொடுவதில்லை, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஒரே ஒரு இடத்தில் மறைக்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கதவில் பொறி இருக்கிறதா என்று தேடுகிறவன் டைஸில் 2 விழுந்ததைப் பார்த்துவிட்டால், "எதுவும் தெரியல" என்று நான் சொல்வதை நம்ப மாட்டான். அதற்கு எங்கள் வழி டம்ளர். டைஸைப் போட்டுக் குலுக்கித் தட்டில் கவிழ்ப்போம். ஓரத்தை லேசாகத் தூக்கி நான் மட்டும் பார்ப்பேன், பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். கதவு திறந்த பிறகு டம்ளரும் திறக்கும். அதனால் பொய் சொல்ல வழியில்லை.

போன ஞாயிறு ஆம்பூர்க்காரரின் திருடன் ஒரு சுரங்கக் கதவில் பொறி இருக்கிறதா என்று தேடினான். டம்ளரைத் தூக்கிப் பார்த்தேன். "பொறி எதுவும் இருக்குற மாதிரி தெரியல" என்றேன். அரை மணி நேரம் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று வாக்குவாதம், நாலு பேர் கண்ணும் டம்ளர்மேல். ஆம்பூர்க்காரர் தன் திருடனின் திறமையைப் பற்றிப் பெரிய பிரசங்கமே செய்தார். கடைசியில் ஒருவழியாக மச்சான் கதவில் கை வைக்கிறேன் என்று வாயைத் திறக்கும் நேரம், அம்மா காபியோடு மேலே வந்தார். "ஒரு டம்ளர் கொறையுதேன்னு பாத்தேன், இங்கதான் இருக்குதா" என்று குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தட்டில் மூன்று.

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.